உலாவி கேட்காத கேள்வி

இன்பவல்லியின் கணினியில் வாசல் காவல் உலாவிக்கு. எந்த சர்வர் வந்தாலும் அதன் அடையாளச் சான்றிதழை வாங்கி, நம்பகமானவர்களின் பட்டியலை வைத்திருக்கும் பெட்டியிடம் காட்டும். பட்டியலில் இருந்தால்தான் உள்ளே விடும்.

அலுவலகத்தின் சோதனை சர்வர் தனக்குத்தானே கையெழுத்துப் போட்ட சான்றிதழோடு வரும். உலாவி தினமும் மறிக்கும். "உன்னோட பெரிய ரோதனை" என்று அவள் சலித்துக்கொள்வாள்.

ஒருநாள், அந்த சர்வருடையது என்று சொல்லி அரட்டைக் குழுவில் யாரோ அனுப்பிய சான்றிதழை அவள் பட்டியலில் சேர்த்தாள்.

"தம்பி, சர்வர் பாத்துக்கறவங்களுக்குப் போன் போட்டு, சான்றிதழோட கைரேகை எண் ஒத்துப்போகுதான்னு கேட்டாங்களா?" என்றது பெட்டி.

கேட்கவில்லை என்று உலாவிக்குத் தெரியும். "இப்பதான் அவங்க முகம் தெளிஞ்சிருக்கு, விடுங்கக்கா. நான் வாயைத் திறந்தா மறுபடியும் வள்ளுன்னு விழுவாங்க."

மறுநாள் அந்தச் சான்றிதழோடு வந்தது சோதனை சர்வர் அல்ல, ஒரு திருடன். உலாவி மரியாதையாக உள்ளே விட்டது. இன்பவல்லி கடவுச்சொல்லைத் தட்டினாள். மதியத்துக்குள் குழு எழுதிய நிரல் மொத்தமும் களவு போயிருந்தது.

"யாரும்மா அனுமதிச்சது?" என்றார் மேலாளர்.

"நான்தான் சார்" என்றாள் அவள்.

'நானும்தான்' என்று சொல்ல உலாவி தவித்தது. எச்சரிப்பதற்குத்தான் அதற்கு வாசகங்கள் கொடுத்திருந்தார்கள். ஒப்புக்கொள்வதற்கு ஒன்றுகூட இல்லை.