ஆண்கள் அறை, பெண்கள் அறை

கஞ்சன்ஜங்கா மலையின் விலை நாளொன்றுக்கு முப்பது ரூபாய். அது அதிகம் என்றார் அனாதிபாபு.

டார்ஜிலிங் ஓட்டலில் மலையைப் பார்த்த ஜன்னல் உள்ள அறைக்கு அவ்வளவு கூடுதலாம். அவர் ரோட்டைப் பார்த்த அறையாக எடுத்துவிட்டார். மலையை மொட்டைமாடியில் ஏறி ஓசியில் பார்த்துக்கொள்வார்களாம்.

இதையெல்லாம் ஹாத்திபாகானில் என் கம்பளிக் கடையில் உட்கார்ந்து, மே மாதத்துக் கல்கத்தா வெயிலில், குரங்குக் குல்லாவைக் கழுத்துவரை இழுத்து மாட்டிக்கொண்டு சொன்னார். கண்ணும் மூக்கும் மட்டும் வெளியே தெரிந்தன. மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது.

மே மாதத்தில் குல்லா வாங்க வருகிறவனுக்கு இரண்டு காரணங்கள்தான் இருக்க முடியும். இந்த மாதத்தில் விலை இறங்கியிருக்கும் என்ற பேராசை, அல்லது முதல் தடவையாக மலைக்குப் போகிற பயம். அனாதிபாபுவுக்கு இரண்டும் இருந்தன. அவர்கள் வீட்டில் இதுவரை யாராவது ஏறிய அதிகபட்ச உயரம் ஹௌரா பாலம்.

"ஒம்பது உருப்படி எடுக்கிறேன், ஹரிபாபு. மொத்த விலை போடுங்க."

"மே மாசத்துல கம்பளி விக்கிறதே புண்ணியக் கணக்குதான். இன்னும் குறைச்சா நான்தான் காசு குடுத்து அனுப்பணும்."

"குடுத்தா வேணாம்னா சொல்லப்போறேன்?"

சொல்லமாட்டார். அதை நான் நம்புகிறேன்.

இந்தப் பயணத்துக்கான பணமே அவருடையது இல்லை. மூத்த மகன் சௌமேனுக்கு மாசி மாதம் கல்யாணம். புதுசுகள் இரண்டும் தனியாக டார்ஜிலிங் போய்வரட்டும் என்று பெண்ணின் அப்பா ஒரு தொகை கொடுத்திருந்தார். அனாதிபாபு அந்தத் தொகையை ரப்பர் மாதிரி இழுத்தார். அவரும் மனைவியும், தம்பியும் தம்பி மனைவியும், விதவை அக்கா, இளைய மகன்கள் இரண்டு பேர் என எல்லோரும் அதற்குள் அடங்கிவிட்டார்கள். ஸ்டவ், பொரிமூட்டை, கடுகெண்ணெய் டின் எல்லாம் கூடவே போகின்றன. தேனிலவுக்குப் போகும் முதல் கடுகெண்ணெய் டின் அதுவாகத்தான் இருக்கும்.

நான் சும்மா இருந்திருக்கலாம்.

"சின்னஞ்சிறுசுங்க. அவங்களுக்காவது தனியா ஒரு ரூம் போட்டிருக்கலாமே, பாபு?"

"எதுக்கு? ஆம்பளைங்களுக்கு ஒரு ரூம், பொம்பளைங்களுக்கு ஒரு ரூம். நெருக்கிப் படுத்தா, போத்திக்கிற ரஜாய் வாடகை மிச்சம்."

மனைவியோடு கடைக்குக் கூடவே வந்திருந்த சௌமேன் நாப்தலின் உருண்டை டப்பாவைக் கையில் எடுத்து அதில் எழுதியிருந்ததை ஆழ்ந்து படிக்க ஆரம்பித்தான். அப்பா பேரம் பேசும் இடங்களிலெல்லாம் எதையாவது படித்துக்கொண்டு நின்றே வளர்ந்தவன்.

அவன் மனைவி ஜூதிகா, மாமனார் போட்டுப்பார்த்துக் கசக்கி எறிந்த குல்லாக்களை ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டிருந்தாள். அவர்கள் வீடு எனக்குத் தெரியும். புது ஜோடிக்குக் கொடுத்திருக்கும் அறை, மற்ற எல்லோரும் கக்கூஸுக்குப் போகிற வழி. கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது. கல்யாணமாகி மூன்று மாதத்தில் இந்தப் பெண் புருஷனோடு ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போலப் பேசியிருக்கமாட்டாள். டார்ஜிலிங்கில் அதுவும் கிடைக்காது.

"எப்பப் புறப்பாடு?" என்றேன்.

"அடுத்த மாசம் பதினொண்ணு. பத்து நாள். நாள் குறிச்சது மருமகதான். பணம் அவ அப்பன் குடுத்தது, நாளையாவது அவளைக் கேப்போமேன்னு விட்டுட்டேன். அதுக்கு என்ன, காசா பணமா? பஞ்சாங்கத்துல நானும் பார்த்தேன். கிளம்புறதுக்குக் குத்தமே சொல்ல முடியாத நாள்."

பழக்கதோஷத்தில் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன்.

பதினொன்று சுத்தமாகத்தான் இருந்தது. மூன்று நாள் தள்ளி, சிவப்பு எழுத்தில், மாப்பிள்ளை சஷ்டி.

மருமகனை மாமியார் பனைவிசிறியால் வீசி உட்காரவைத்து, ஹில்சா மீனும் மாம்பழமும் ரசகுல்லாவும் போட்டு, புது வேட்டி ஜிப்பா கொடுத்து அனுப்பும் நாள். முதல் வருஷத்து மாப்பிள்ளை அன்றைக்கு வரவில்லை என்றால் பெண்வீட்டார் தெருவில் தலைகாட்ட முடியாது. வங்காளத்தில் இது தெரியாதவன் கிடையாது. ஆனால் அனாதிபாபுவின் வீட்டில் கட்டிக்கொடுக்கப் பெண்பிள்ளையே இல்லை. அவருடைய மாமியாரும் தம்பியின் மாமியாரும் போய்ச்சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. விருந்து நின்றுபோனதும் நாளும் மறந்துபோயிருக்கிறது. புறப்படும் நாளைப் பார்த்தவர், அந்த வரியோடு பஞ்சாங்கத்தை மூடிவிட்டார்.

சொல்ல வாயெடுத்தேன்.

ஜூதிகா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அதில் கெஞ்சல் இல்லை. மூலையில் கிடக்கும் அசல் காஷ்மீர் சால்வையில் கடைக்காரன் தெரியாமல் பாதி விலை ஒட்டியிருப்பதைக் கண்டுவிட்டவள், பக்கத்தில் நிற்பவனைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

வாயை மூடிக்கொண்டேன்.

"அப்பா, ஏழு போதும்," என்றாள் மாமனாரிடம். "எங்க ரெண்டு பேருக்கும் எங்கம்மா வீட்டுல இருக்கு."

குல்லாவுக்குள் அனாதிபாபுவின் கண் நனைந்தது. "பார்த்துக்குங்க, ஹரிபாபு. குடும்பத்துக்கு மிச்சம் பிடிக்கிற மருமக. உங்க வீட்டுக்கு வருமா இப்படி ஒண்ணு?"

வராது என்று ஒப்புக்கொண்டேன். ஏழு குல்லாவையும் கட்டிக் கொடுத்தேன்.

இனி நடக்கப்போவது கண்ணாடி மாதிரி தெரிகிறது. புறப்படுவதற்கு முந்தின நாள் சம்பந்தி தட்டு நிறைய மாம்பழத்தோடு வந்து மாப்பிள்ளையை அழைப்பார். அனாதிபாபு குதிப்பார். பிறகு வேட்டி, ஜிப்பா, மீனின் எடை எல்லாவற்றையும் மனதுக்குள் கூட்டிப்பார்த்துவிட்டு அடங்குவார். இரண்டு டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துக் காசாக்கிக்கொள்வார். பின்னாலேயே கிளம்பி வாருங்கள் என்று சொன்னால் மறுபடி டிக்கெட் எடுக்க வேண்டும், அதனால் சொல்லமாட்டார்.

மலைக்கு ஏழு பேர், பத்து நாள். விருந்துக்கு இரண்டு பேர், ஒரு நாள். மிச்சம் ஒன்பது நாள், கொளுத்துகிற கல்கத்தாவில் ஒரு முழு வீடு.