இடதுபக்க ரப்பர்

கடலூர் பக்கம் செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில் மூட்டை தூக்குகிறேன். வயது நாற்பத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. காட்டுமன்னார்கோயில் ரைஸ்மில் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்த, வெள்ளைக்காரன் காலத்து பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிளை வாங்கிவந்து, பதினாலு மாசம் நானே பிரித்துக் கோத்தேன். அதற்குமுன் ஒரு ஸ்பானர்கூடப் பிடித்ததில்லை. எல்லாம் மாட்டினேன். பின்னால் உட்காருகிறவளின் சேலை சிக்காமலிருக்க வைக்கும் சாரி கார்டை மட்டும் விட்டுவிட்டேன். யாருக்காக மாட்டுவது?

ஞாயிற்றுக்கிழமைகளில் கடலூரிலிருந்து சிதம்பரம்வரை தனியாக ஓட்டிப்போய், ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவேன்.

ஓட்ட ஆரம்பித்த மூணாவது மாசம் சிதம்பரத்தில் சிநேகிதன் ஆசிக்கின் ஒர்க் ஷாப்பில் ஆயில் மாற்றப் போனேன். வண்டியைக் குனிந்து பார்த்தவன் சிரித்தான்.

“என்னா மச்சான், சொல்லாம கொள்ளாம கல்யாணம் முடிச்சிட்டியா?”

பின்சீட்டுக்காரர் கால்வைக்கும் ரப்பர் இரண்டையும் புதுசாகத்தான் போட்டிருந்தேன். வலது ரப்பர் அப்படியே இருந்தது. இடது ரப்பர் தேய்ந்து வழவழவென்றிருந்தது.

“பொம்பள ஒரு பக்கமா உக்காந்து வந்தாதான் இப்டித் தேயும்.”

“பின்னாடி இதுவரைக்கும் யாரும் ஏறுனதில்லடா.”

“சும்மா கதை வுடாத. பிரியாணி எப்போ?”

வேறு ரப்பர் மாட்டிவிட்டான். ஒரே மாசத்தில் அதுவும் தேய்ந்தது. இடதுபக்கம் மட்டும்.

மறு ஞாயிறு அவனிடம் போய் சாரி கார்டு மாட்டச் சொன்னேன். இந்தத் தடவை ஆசிக் சிரிக்கவில்லை.

“யாரு மச்சான் அவுங்க?”

“தெரியல. ஆனா செயின் இடதுபக்கந்தான ஓடுது? சேலை சிக்கிடப் போவுது.”