பெரியபாளையத்து வளையல்

ஸ்கேன் அறை ஜன்னலின் காலை வெயில் மஞ்சுளாவின் வலது கைமேல் விழுகிறது. தோளிலிருந்து விரல் வரை கை உப்பிக் கிடக்கிறது. கீமோ மருந்து ஏற்றக் காறை எலும்புக்குக் கீழே தோலுக்குள் பதித்த போர்ட், சின்ன மேடாகத் தெரிகிறது. “போர்ட்லருந்து போற டியூபைச் சுத்தி ரத்தம் உறைஞ்சிருக்கு. அதான் வீக்கம்,” என்கிறார் டாக்டர். சதைக்குள் புதைந்த பச்சை வளையல்களை நர்ஸ் துணி சுற்றிக் குறடால் ஒவ்வொன்றாக நெரிக்கிறாள். ஒவ்வொரு நொறுங்கலுக்கும் மஞ்சுளாவின் புருஷன் லோகு கண்ணை மூடித் திறக்கிறான். பெண்டாட்டி பூசினாற்போல் ஆகிவிட்டாள், வைத்தியம் பிடித்துவிட்டது என்று தான் வேலை செய்யும் காக்களூர் பட்டறை முழுக்கச் சொல்லிச் சிரித்தவன். “எப்போலருந்து வீக்கம்?” என்று டாக்டர் கேட்கிறார். மஞ்சுளா அவனைப் பார்க்காமல் சொல்கிறாள்: “நேத்துலருந்துதான் சார்.” நர்ஸ் நிறுத்துகிறாள். “வளையலுக்கு அடியில புண்ணே ஆயிருக்கு. ஒரு நாள்ல இப்படி ஆவாதே.” லோகு தட்டில் கிடக்கும் பச்சைத் துண்டுகளைப் பார்த்துக்கொண்டே பேசுகிறான். “பத்து நாளாச்சு சார். பெரியபாளையத்தம்மன் கோயில்ல வளையல் வாங்கும்போதே கை வலிக்குதுன்னு சொல்லிக்கினுதான் இருந்திச்சு. நாந்தான் சோப்பு போட்டு ஏத்தினேன்.”