தெளிவுக்குச் சாட்சி

மனநல வார்டில் நடக்கும் புது மருந்து ஆராய்ச்சிக்கு இன்னும் ஒரு நோயாளி தேவைப்பட்டார். எப்போதும் வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போகும் டாக்டர், இன்று அங்கே சிகிச்சையில் இருந்த லாரி டிரைவரின் கட்டிலில் வந்து உட்கார்ந்தார்.

"நான் விளக்கினதை உங்க வார்த்தையில சொல்லுங்க, பார்ப்போம்."

"புது மாத்திரை. கேட்டாலும் கேட்கும், கேட்காமலும் போகும். பிடிக்கலேன்னா பாதியில விட்டுடலாம். வீட்டுல இருந்தும் சாப்பிடலாம்."

"பிரமாதம்!"

"புத்தி தெளிவா இருந்தாத்தானே சார் என் கையெழுத்து செல்லும்?"

"உங்க புத்திக்கென்ன, பளிங்கு மாதிரி இருக்கு! சிஸ்டர், நீங்கதான் சாட்சி."

டிரைவர் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே டாக்டரும் சிஸ்டரும் கையெழுத்திட்டார்கள்.

"சிஸ்டர், என் சட்டையையும் செருப்பையும் எடுத்துக் குடுங்க."

டாக்டர் பதறினார். "எங்கே கிளம்பிட்டீங்க?"

"வீட்டுக்குத்தான் சார். காலையில கேட்டப்போ, புத்தி தெளியாதவங்க பேச்சைக் கேட்டு அனுப்ப முடியாதுன்னீங்க. மதியத்துக்குள்ள தெளிஞ்சிடுச்சுன்னு இப்ப நீங்களே சொல்லிட்டீங்க."

டாக்டர் திரும்பிப் பார்த்தார். சாட்சி அதற்குள் சட்டையை எடுத்துவரப் போயிருந்தார்.