காவலாளி அறையில் நாலு போன்கள்

“கொரோனான்னு ஆஸ்பத்திரிக்குப் போன அந்த எகிப்துக்காரன் இங்க திரும்பி வரக் கூடாது, அபூ சுஹைப்! ஊரே மூடிக் கிடக்குது, இவன் படிக்கட்டுக்குக் கீழ ஆளைச் சேர்த்துக் கச்சேரி நடத்தியிருக்கான்!”

கட்டிடத்துக்காரர் ஹாஜி மம்தூஹ் போனில் போட்ட சத்தம் அடுப்படி வரைக்கும் வந்தது. உம்மு சுஹைப் அடுப்பைத் தணித்துவிட்டுக் காதைக் கொடுத்தாள்.

“ஷஹாத்தாவா? பதினாறு வருஷமா இங்க காவல் இருக்கான். அப்படிப்பட்டவன் இல்லையே, ஹாஜி” என்றார் அவள் புருஷன்.

“சுகாதார ஆபீஸ்லேர்ந்தே எனக்குப் போன் வந்துச்சய்யா. போன்ல போட்டு வெச்சிருக்கோமே கொரோனா ஆப், அது காட்டிக் குடுத்திருச்சு. நாலு போன் சாயங்காலத்துல மணிக்கணக்கா அவன் பக்கத்துல இருந்திருக்கு. நாலும் நம்ம கட்டிடந்தானாம்.”

“யார் யாருன்னு சொன்னாங்களா?”

“சொல்ல மாட்டாங்களாம், ரகசியமாம்! நானும் மாடி மாடியாக் கேட்டுட்டேன், ஒருத்தனும் வாயைத் திறக்கல. அந்த ஷஹாத்தாவே படுக்கையிலேர்ந்து, ‘ஆமா ஹாஜி, டீ குடிக்க நான்தான் கூப்பிட்டேன்’ங்கிறான். இன்னும் என்ன வேணும்? நீங்கதானே குடியிருப்போர் சங்கத் தலைவர்? இவன் வேண்டாம்னு ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. ஊருக்கு ஏத்தி விட்டுடறேன்.”

அபூ சுஹைப் போனை வைத்தார். காகிதத்தை எடுத்தார், பேனாவைத் திறந்தார். ஒரு எழுத்து எழுதவில்லை.

அப்போது பார்த்து அரிசி டப்பாவுக்குள் மணியடித்தது.

“நம்ம அரிசி எப்பலேர்ந்து மணியடிக்குது?”

ஆப் என்ற பேச்சு காதில் விழுந்ததுமே உம்மு சுஹைப்தான் போனை அங்கே புதைத்திருந்தாள். அவர் எழுந்து போய் அரிசிக்குள் கையை விட்டு அவள் போனை எடுத்தார். கண்ணாடியை மூக்கில் ஏற்றி வாசித்தார்.

“நோயாளி பக்கத்துல இந்தப் போன் இருந்திருக்காம். ஞாயிறு, செவ்வாய். நாலு மணியிலேர்ந்து அஞ்சு மணி வரைக்கும்.” நிமிர்ந்து பார்த்தார். “ரொட்டிக் கடையில கூட்டம்னு சொன்னியே. எங்க இருந்தே?”

அவள் போன இடம் வேறு. ஒரே மகள் ரிஹாம், இரண்டு வருஷம் முன்னால் சிலிண்டர் வண்டி ஓட்டுகிற பையனைத்தான் கட்டுவேன் என்று கட்டிக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கு அபூ சுஹைப் மேஜையைக் குத்திச் சொன்னார்: “இனிமே இந்த வீட்டுல அவ பேரை யாரும் எடுக்கக் கூடாது. அவ வாசலையும் மிதிக்கக் கூடாது.”

இப்போது மகளுக்கு எட்டாம் மாசம். தாய் மனசு கேட்குமா? ஆறு மணிக்கு ஊரடங்குச் சங்கு ஊதுவதற்குள் மகள் குடியிருக்கும் ஜபல் ஹுசைன் வரைக்கும் நடந்து, அவளுக்கு முலூகிய்யாக் கீரைக் குழம்பு ஒரு டப்பா கொடுத்துவிட்டு வந்துகொண்டிருந்தாள்.

ஆனால் அந்தப் பாழாய்ப் போன செயலி, மிதித்த தெருவையெல்லாம் படம் போட்டு வைக்கிறதே! அரசாங்கம் பார்த்தால்கூட அவளுக்குக் கவலையில்லை. புருஷன் பார்த்துவிடக் கூடாது. வீட்டில் வைத்துவிட்டுப் போகலாமென்றால், அவள் போனில் வருவதையெல்லாம் வாசித்துச் சொல்கிறவரே அவர்தான். அதனால் சார்ஜ் போடுகிற சாக்கில் ஷஹாத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போவாள். அவனும் ஏன், எதற்கு என்று கேட்டதில்லை.

வாயை மூடிக்கொண்டால் மகள் வீட்டுக்கு வழி இருக்கும், ஷஹாத்தா பிழைப்பு போகும். திறந்தால் ஷஹாத்தா பிழைப்பான், மகளைப் பார்க்கிறது இன்றோடு சரி.

“கேக்கறேனில்ல, உம்மு சுஹைப்?”

“அந்த ரூம்ல நான் காலே வைக்கல. போன் மட்டும்தான் அங்க இருந்துச்சு.” “நான் ரிஹாம் வீட்டுல இருந்தேன். போதுமா? திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க. அந்த அப்பாவியை மட்டும் விட்டுடுங்க.”

அவர் திட்டவில்லை. பேனாவை மூடினார். ஹாஜிக்குப் போன் போட்டார்.

“ஹாஜி, கடிதமெல்லாம் கிடையாது. ஷஹாத்தா ரூம்ல இருந்தது ஆளுங்க இல்ல, வெறும் போனுங்க. போற இடம் தெரியக் கூடாதுன்னு நாங்கதான் அவன்கிட்ட குடுத்து வெச்சோம். அவன் எங்களைக் காட்டிக் குடுக்காம பழியைத் தான் ஏத்துக்கிட்டான்.”

“என்னய்யா உளர்றீங்க? யாரோட போன்?”

“நாலுல ஒண்ணு என்னோடது. சுகாதார ஆபீஸ்லயும் நானே சொல்லிடறேன். எங்களுக்கு என்ன அபராதமோ போட்டுக்கட்டும். ஷஹாத்தா குணமாகி இங்கதான் வருவான்.”

உம்மு சுஹைபுக்குக் கண் நிறைந்துவிட்டது. பெண்டாட்டி பேர் வெளியே வந்துவிடக் கூடாதென்று மனுஷன் தன் பேரில் போட்டுக்கொள்கிறாரே!

“என் தப்பை நீங்க எதுக்குச் சுமக்கணும், அபூ சுஹைப்?”

அவர் அவள் போனில் ஒட்டியிருந்த அரிசியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

“ஷஹாத்தாகிட்டேர்ந்து போனை வாங்கினதும் கையைக் கழுவினியா? பிள்ளைத்தாச்சிப் பொண்ணுகிட்ட போய்ட்டு வர்றே.”

“அவனே ஸ்பிரிட் போட்டுத் துடைச்சுத்தான் குடுப்பான்.”

“ம்.”

துடைத்த போனை அவளிடம் நீட்டினார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்:

“அவளுக்குக் கால் வீக்கம் வடிஞ்சிருந்துச்சா? போன புதன்கிழமை என் போனை ஷஹாத்தாகிட்ட விட்டுட்டு நான் போனப்போ செருப்புக்குள்ளயே நுழையல.”