நாகேஸ்வரியின் இலக்கம்

"அடையாள அட்டை இலக்கத்தை மாத்தேலுமோ, தம்பி?" என்று கேட்டாள் நாகேஸ்வரி.

கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில், அந்த இளம் சட்டத்தரணி அவளுடைய அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தார். வெள்ளவத்தைக் கம்பனியொன்றில் அவளுக்கு வேலை. அட்டையின்படி அடுத்த மாதம் அறுபது வயது, ஓய்வு கொடுத்துவிடுவார்கள். உண்மையில் அவளுக்கு ஐம்பத்தாறுதான்.

"பிறந்த திகதியை வச்சுத்தான் அம்மா இலக்கம் வாறது. திகதி பிழையெண்டால் மாத்தலாம்."

"திகதி சரி, தம்பி. ஆள்தான் பிழை."

சட்டத்தரணி நிமிர்ந்து பார்த்தார்.

"நாகேஸ்வரி என்ர அக்கா. சண்டைக்குள்ள காணாமல் போனவ. என்ர அட்டை வீட்டோட எரிஞ்சு போச்சு. அக்கான்ர அட்டையைக் காட்டித்தான் கொழும்புக்கு வந்தனான். நான் ஜீவராணி."

இத்தனை வருடங்களுக்குப் பிறகு இன்றுதான் அவள் தன் பெயரை வாய்விட்டுச் சொன்னாள்.

"வழக்குப் போடலாம்," என்றார் அவர் மெதுவாக. "ஆனா முதல்ல அக்கா இறந்திட்டா எண்டு பதியவேணும். அம்மா உயிரோட இருந்தால் அவதான் அதுக்குக் கையெழுத்து வைக்கவேணும். வைப்பாவோ?"

அக்காவைப் பற்றி ஏதும் தெரியவந்ததோ என்று அன்று காலையிலும் அம்மா கேட்டிருந்தாள்.

ஜீவராணி அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டாள்.

"வேண்டாம், தம்பி. வேலை போனால் போகட்டும். அம்மா இருக்குமட்டும் அக்காவும் இருக்கட்டும்."