வண்டுகள் கடக்கும்வரை

மார்ச் 12. இன்று ஒரு பொத்தானை அணைக்க மறந்துவிட்டேன். தவறு என்னுடையதுதான். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

"சுரங்கம் ரொம்பக் குறுகல். மல்லாந்து படுத்துக்கோங்க," என்றார் அந்த மனைவி தன் கணவரிடம். ஞாயிறுதோறும் வீட்டில் ஆடும் பகடை சாகச விளையாட்டில் கதை சொல்பவர் கணவர். இன்று முறை மாறியிருந்தது.

"வேற வழியே இல்லையா?"

"போன வாரம் என்னைத் தேள் கூட்டத்துல தள்ளிட்டு டீ குடிச்சீங்களே, எனக்கு வழி விட்டீங்களா?"

"பகடை உருட்டினியா?"

"உருட்டியாச்சு. ஆறு!"

"புளுகாதே."

"எல்லாம் உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான். இந்தத் தடவையும் பாதியில வெளிய வந்தா நாளைக்கு எதுவும் நடக்காது, ஞாபகம் இருக்கட்டும். வண்டுக் கூட்டம் வருது. அசைஞ்சா மொய்ச்சிடும்."

இரைச்சல் எழுந்தது. சுவர்கள் அதிர்ந்தன. கண்ணாடிக்கு அப்பால், ஸ்கேன் இயந்திரத்தின் குழாய்க்கு வெளியே நீட்டியிருந்த கணவரின் பாதங்கள் அசையவே இல்லை.

காலையில் இரண்டு முறை அலறிக்கொண்டு வெளியே வந்தவர் அவர். படம் கிடைக்காவிட்டால் நாளை அறுவை சிகிச்சை கிடையாது. ஸ்கேனை இயக்கும் நான், மாலைப் பயிற்சி வகுப்பில் கற்றபடி சொன்ன ஆறுதல் எதுவும் பலிக்கவில்லை. என் பக்கத்தில் நின்று, நான் அணைக்க மறந்த ஒலிவாங்கியில் மனைவி பேசிக்கொண்டே இருந்தார். குரல் சிரித்தது, கண்கள் அந்தப் பாதங்களை விட்டு அகலவில்லை.

"கடைசி வண்டும் போயிடுச்சுங்க."

திரையில் அவருடைய முதுகெலும்பு துளி மங்கலும் இல்லாமல், உள்ளே வெளிச்சம் ஓடும் சுரங்கமாக விரிந்தது. நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நாளை காலை முதல் வேலையாக, படங்களை அறுவை அரங்கில் சேர்க்க வேண்டும்.